வந்தவர்கள் போகாவிட்டால்



இந்த மாதம் ஒரு சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் வேற்றுக் கிரகவாசிகள் வருகிற சினிமா. வீட்டையும் மனிசரையும் இழந்து நிற்கிறவர்களுக்கு இது என்னத்துக்கு என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். கதை நம்முடைய வெங்காயத் தோட்டத்துக்குத்தான் வந்து சேரும்.

வானத்திலிருந்து யாரோ வந்து இறங்கும் கதைகளில் பழையது, வந்தவன் அடித்துப் பிடிக்கிற கதை. எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி 1898இல் புத்தகமாக வந்த ‘உலகங்களின் போர்’ அப்படிப்பட்டது. செவ்வாயிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை எரிக்கிறார்கள். ஐரோப்பியர் டஸ்மேனியாத் தீவின் பூர்வீக மக்களை அழித்ததைத் தொடக்கத்திலேயே நினைவூட்டிவிட்டுத்தான் அவர் கதையைச் சொல்கிறார். இன்னொரு வகை, வந்தவர்கள் நன்மை செய்கிற கதை. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் 1953இல் அப்படி ஒரு நாவல் எழுதினார். பெயர் ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’. வந்தவர்கள் போர்களை நிறுத்துகிறார்கள், பட்டினியை ஒழிக்கிறார்கள். ஆனால் 50 வருடங்களுக்கு முகத்தைக் காட்டுவதில்லை. காட்டினால் மனிதர் பயந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் பார்வைக்குச் சைத்தானைப் போல இருப்பார்கள்.

இரண்டு வகையிலும் வருகிறவர்கள் பலசாலிகள். வந்தவர்கள் பசியோடும் நோயோடும் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அயல்வீட்டுக்காரராகிவிட்டால் என்ன நடக்கும்? அதைச் சொல்வதுதான் நான் எழுத நினைத்த படம், ‘டிஸ்ட்ரிக்ட் 9’. ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப் எடுத்தது. 2009 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தது. அந்த ஆகஸ்டில் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ் மக்கள் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முட்கம்பிக்குள் இருந்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரும் அங்கே இருந்திருப்பீர்கள்.

கதை இதுதான். 1982இல் ஒரு பெரிய விண்கப்பல் ஜொகன்னஸ்பேர்க் நகரத்துக்கு மேலே வந்து நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பும் தோலுமாக வேற்றுக் கிரகவாசிகள். மனிதர்கள் அவர்களைக் கீழே இறக்கி ஒரு முகாமில் வைக்கிறார்கள். உலகமே பரிதாபப்படுகிறது. பிறகு வருடங்கள் போகின்றன. முகாம் தகரக் கொட்டில்களும் குப்பையுமாகிறது. தொகை 18 இலட்சமாகிறது. ‘மனிதர்களுக்கு மட்டும்’ என்ற பலகைகள் எழும்புகின்றன. 28 வருடங்களுக்குப் பிறகு அவர்களை நகரத்துக்கு வெகு தூரத்தில் இன்னொரு முகாமுக்கு அகற்றும் வேலை ஒரு கம்பனியிடம் கொடுக்கப்படுகிறது. விக்கஸ் என்ற அலுவலர் கையில் படிவங்களை வைத்துக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போய்க் கையொப்பம் வாங்குகிறான்.

விக்கஸ் கொடியவன் இல்லை. சிரித்த முகம், மனைவிமேல் பாசம், வேலையில் பதவி உயர்வு கிடைத்த சந்தோசம். நாமெல்லாம் அறிந்த ஆள்தான். ஒரு தகப்பன் கையொப்பமிட மறுக்கிறபோது, பிள்ளையைச் சிறுவர் பராமரிப்புக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்கிறான். முட்டைகள் வளரும் ஒரு கொட்டிலுக்கு நெருப்பு வைக்கச் சொல்லிவிட்டு, அவை வெடிக்கும் சத்தத்தைச் சோளப்பொரிக்கு ஒப்பிடுகிறான்.

எங்கள் பெண்கள் குழுவில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினோம். கற்பிட்டிப் பக்கம் ஒரு பாலர் பாடசாலைக் கட்டடத்தில், சுவரில் வெள்ளைத் துணி கட்டி. ஆங்கிலப் படம் என்பதால் இடையிடையே நிறுத்தி நான் தமிழில் கதை சொன்னேன். வெட்டும் குத்தும் கெட்ட வார்த்தையும் நிறைய உண்டு, சில இடங்களை ஓட்டிவிட்டேன். பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். வந்திருந்தவர்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள், உள்ளூர்க்காரர், இரண்டு தமிழ்ச் சகோதரிகள் என்று எல்லோரும் இருந்தார்கள். முட்டைக் கொட்டில் எரியும் இடத்தில் மூன்று பேர் எழும்பி வெளியே போனார்கள். யாரும் தடுக்கவில்லை. ஒரு ராத்தா மட்டும் பின்னால் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனா.

சிரித்த இடமும் உண்டு. அந்த ஊர் மனிதர்கள் வந்தவர்களை ஏளனமாக ‘இறால்’ என்று கூப்பிடுகிறார்கள். சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் இருக்கிற கரையில் இது ஏளனமாகத் தெரியுமா? “எங்கட இறால் எண்டால் விலை கூடவே! எங்களை இறால் எண்டு சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்கும்” என்றா ஒரு மாமி. எல்லோரும் சிரித்தார்கள். அவவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ‘ஏலியன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேற்றுக் கிரகவாசி என்றும் பொருள், பிற நாட்டவர் என்றும் பொருள். சட்டப் புத்தகங்களில் இரண்டாவது பொருளில்தான் அது இருக்கிறது. ப்ளோம்காம்ப் இதற்கு முன் ஒரு குறும்படம் எடுத்தார். அதற்காகத் தென்னாபிரிக்க மக்களிடம் போய், நைஜீரியாவிலிருந்தும் சிம்பாப்வேயிலிருந்தும் வந்து குடியேறியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனதில் இருந்ததைச் சொன்னார்கள். அந்தப் பதில்களை அப்படியே வேற்றுக் கிரகவாசிகளைப் பற்றிய பதில்களாகப் படத்தில் வைத்தார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2008 மே மாதம் தென்னாபிரிக்காவில் வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் வெடித்து 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

படத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. கேப்டவுன் நகரத்தில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்று ஒரு பகுதி இருந்தது. கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், மலாய் வழிவந்த முஸ்லிம்கள் எல்லோரும் நெருங்கி வாழ்ந்த இடம். 1966இல் நிறவெறி அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அறிவித்தது. அடுத்த வருடங்களில் 60,000க்கும் மேற்பட்டோர் ஊருக்கு வெளியே மணல்வெளிக்கு அகற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. சில பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் தனியே நின்றன. வீடில்லாத ஊரில் பள்ளிவாசல் மட்டும் நிற்கிற காட்சி நமக்குத் தெரியாததா?

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். என் உம்மா அப்படி வந்தவர். நான் 1991இல் இங்கே பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் புத்தளம் மாவட்டம் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் ‘அகதிப் பிள்ளை’. கலியாணம் பேச வந்த இடத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டார்கள். கற்பிட்டி என்றேன். “அது சரி, சொந்த ஊர் எது?” என்று மறுபடியும் கேட்டார்கள்.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது பாவம். பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், சமைத்துப் போட்டார்கள், தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை. சில நாளில் போய்விடுவார்கள் என்று அவர்களும் நினைத்தார்கள், சில நாளில் போய்விடுவோம் என்று எங்கள் ஆக்களும் நினைத்தார்கள். உம்மா வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்திருந்தா.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஜோர்ஜ் சிம்மல் என்ற ஜேர்மன் அறிஞர் 1908இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை எங்களுக்குப் பாடமாக இருந்தது. இன்று வந்து நாளை போகிறவன் வழிப்போக்கன், இன்று வந்து நாளையும் நிற்பவன்தான் அந்நியன் என்பது அவருடைய கருத்து. விரிவுரை மண்டபத்தில் அது எனக்குப் பாடமாகவே படவில்லை. எங்கள் கொட்டிலைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது. விருந்தாளிக்கு மூன்று நாள் மரியாதை. நாலாம் நாள் அவர் கிணற்றில் அள்ளுகிற வாளிகளை எண்ணத் தொடங்குகிறோம்.

எண்ணியதற்குக் காரணம் இருந்தது. இங்கே மனக்கசப்பை உண்டாக்கியது மனிதரின் குணம் என்பதைவிட, உதவி பங்கிடப்பட்ட முறைதான் என்பது என் அபிப்பிராயம். உலர் உணவு நிவாரணம் இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே வறுமையில் இருந்த உள்ளூர் விதவைக்கு ஒன்றும் இல்லை. நிவாரணம் போதாது என்பதால் எங்கள் பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்குக் குறைந்த கூலிக்குப் போனார்கள். தோட்டக்காரர் இலாபம் பார்த்தார், உள்ளூர்ப் பெண்ணின் கூலி விழுந்தது. அவள் யாரைத் திட்டுவாள்? பக்கத்துப் பாத்தியில் குனிந்து நிற்கிறவளைத்தான். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் புத்தளம் மாவட்டத்தில் விண்ணப்பித்தபோது அங்கேயும் அதே பேச்சு வந்தது. 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீட்டுத் திட்டத்தில் அயலில் இருந்த வறிய உள்ளூர்க் குடும்பங்களையும் சேர்த்தார்கள். 17 வருடம் கழித்தாவது யாருக்கோ அது புரிந்திருக்கிறது. அந்த வீட்டை எடுத்தால் வடக்குக்குத் திரும்பும் உரிமை போய்விடுமோ என்ற பயம் எங்கள் பக்கத்தில் வேறு.

படத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்றால், பாதிதான் இருக்கிறது. வந்தவர்கள் ஏன் வந்தார்கள், அங்கே என்ன நடந்தது என்று 28 வருடத்தில் ஒரு மனிதனும் கேட்பதில்லை. அவர்களுடைய ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்பதில் மட்டும்தான் கம்பனிக்கு அக்கறை. இது எனக்குப் பிடித்தது. அடுத்து, விக்கஸின் உடம்பில் ஏதோ ஒரு திரவம் பட்டு அவன் கொஞ்சம் கொஞ்சமாக வேற்றுக் கிரகவாசியாக மாறத் தொடங்குகிறான். முதலில் ஒரு கை. நேற்றுவரை சேர்ந்து தேநீர் குடித்தவர்களே அவனை வெட்டி ஆராய நினைக்கிறார்கள். அவன் ஓடி ஒளிவதற்குக் கிடைக்கும் ஒரே இடம் அந்த முகாம்தான். தான் கையொப்பம் வாங்கப் போன அதே தகப்பனிடம், புதிய முகாமின் கூடாரங்கள் இந்தக் கொட்டில்களையும்விடச் சிறியவை என்று அப்போதுதான் உண்மையைச் சொல்கிறான். ஆனாலும் துன்பம் வந்ததும் நல்லவனாகிவிடவில்லை. தன்னைக் குணப்படுத்த மூன்று வருடம் ஆகும் என்று கேட்டவுடன் அந்தத் தகப்பனையே அடித்துப் போடுகிறான். இதுவும் எனக்குப் பிடித்தது. அடிபட்டவர்கள் எல்லோரும் இரக்கமுள்ளவர்களாகிவிடுவார்கள் என்று மேடையில் சொல்வார்கள். என் வேலையில் நான் அப்படிக் காணவில்லை.

பிடிக்காததும் உண்டு. அந்நியரைப் பற்றிய இதே படம் நைஜீரியர்களைக் குற்றவாளிகளாகவும் வேற்றுக் கிரகவாசிகளின் மாமிசம் தின்பவர்களாகவும் காட்டுகிறது. நைஜீரிய அரசாங்கம் 2009இலேயே அதை எதிர்த்தது, அங்கே திரையிடக் கூடாது என்றது. நியாயமான கோபம். ஒரு அகதிக்கு இரக்கம் காட்ட இன்னொரு அகதியைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. பெண்களும் படத்தில் இல்லை. விக்கஸின் மனைவி தொலைபேசியில் அழுகிறாள், அவ்வளவுதான். 18 இலட்சம் பேர் வாழும் முகாமில் தண்ணீர் எடுத்தது யார், வரிசையில் நின்றது யார் என்று தெரிவதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கிற ஒரு நாவலைச் சொல்ல வேண்டும். ஒக்டேவியா பட்லர் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1987இல் எழுதிய ‘டோன்’. அவருடைய தாய் வெள்ளையர் வீடுகளில் பின்கதவால் போய் வேலை செய்தவர். கதையின் நாயகி லிலித், கணவனையும் மகனையும் விபத்தில் இழந்தவள். அதன்பின் அணுவாயுதப் போரில் உலகமே அழிகிறது. மிஞ்சியவர்களை வேற்றுக் கிரகவாசிகள் காப்பாற்றுகிறார்கள், நோயைக் குணமாக்குகிறார்கள், பூமியையும் திருத்திக் கொடுக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இனிப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டு இனமும் கலந்தவர்களாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு முடிவெடுக்கும் உரிமையை அவளுக்குக் கொடுக்காமலே அவளைக் கருத்தரிக்க வைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியவன் உடம்பின்மேல் உரிமை கொண்டாடுவது என்னவென்று போர் முடிந்த ஊர்களில் நிவாரண வரிசையில் நின்ற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லிலித்துக்கு இன்னொரு வேலையும் கொடுக்கிறார்கள். தூங்க வைக்கப்பட்டிருக்கும் மனிதர்களை எழுப்பி, வந்தவர்களோடு வாழப் பழக்குவது. எழும்பியவர்கள் அவளைத் துரோகி என்கிறார்கள். கூட்டத்துக்கும் கந்தோருக்கும் இடையில் கோப்போடு நடக்கிற வேலையில் இருக்கும் எனக்கு அவளை நன்றாகத் தெரியும்.

34 வருடம் தாண்டிவிட்டது. போர் 2009இல் முடிந்தபோது புதிதாக வந்தவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். நாங்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ ஆனோம். முசலிப் பக்கத்துக் கிராமங்களில் ஆளில்லாத காலத்தில் காடு வளர்ந்தது. 2012இல் அதில் ஒரு பகுதி வர்த்தமானியில் ஒதுக்கக் காடாக்கப்பட்டது. திரும்பிப் போனவர்களுக்குக் காட்டை அழிக்க வந்தவர்கள் என்று பெயர் வந்தது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வசித்துக்கொண்டு மன்னாரில் வாக்கு உள்ளவர்களை ஏற்றிப்போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் கல்லெறிந்து சுட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. இங்கே இருந்தால் அங்கத்தையவர், அங்கே போனால் இங்கிருந்து வந்தவர். படத்தின் முடிவில் விக்கஸ் முழுதாக மாறிப்போய், குப்பைமேட்டில் இருந்து தகரத்தில் மனைவிக்குப் பூச் செய்கிறான். அவனுக்கும் இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அதுவரை பேசாமல் இருந்த உள்ளூர்ச் சகோதரி ஒருவர் சொன்னா: “எங்கட வாப்பா தோட்டத்தில உங்களுக்கு இடம் குடுத்தார். கொஞ்ச நாளைக்கு எண்டுதான் குடுத்தார். அவர் மௌத்தாகியும் பன்னிரண்டு வருசம். அந்தக் காணியை எங்களுக்குப் பிரிக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. எங்கட கதையை ஒருத்தரும் படம் எடுக்கேல்ல.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தோட்டத்திலேயே இன்னும் இருக்கிற ஒரு ராத்தா கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டா, “எத்தனை பேர்ச் எண்டு சொன்னால் நாங்கள் வாங்கலாமா, தங்கச்சி? ஒரேயடியாக் காசு தர ஏலாது.” அந்தச் சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. நானாமாரிடம் கேட்க வேண்டும் என்றா. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிக்கவுமில்லை, கோபித்துக்கொண்டு போகவுமில்லை. அடுத்த கிழமை நானாமாரில் ஒருவர் வந்து வேலியோரம் நடந்து பார்த்துவிட்டுப் போனார். விலை இன்னும் சரிவரவில்லை. நில அளவையாளரின் கட்டணத்தை இரண்டு பக்கமும் பாதி பாதி கொடுப்பது என்று மட்டும் முடிவாகியிருக்கிறது.

இதே மாதிரிக் காணிகளில் இருக்கும் குடும்பங்கள், காணி கொடுத்த குடும்பங்கள், இரண்டு தரப்பினரும் கையில் உள்ள கடிதம், பற்றுச்சீட்டு, வரிச் சிட்டை எதுவானாலும் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். வாய்ச்சொல்லில் கொடுத்த காணி என்றால், கொடுத்தபோது கூட இருந்த பெரியவர்களின் பெயர்களை அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காணிப் பகிர்வு வழக்கு எப்படி நடக்கிறது என்று அடுத்த மாதம் எழுதுகிறேன்.